எதிர் மரை

என் கணவருக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டுக்கு வந்து போனவர்கள் யாரும் நம்புவதில்லை. ஹாலில் கண்ணாடி அலமாரி நிறைய சைக்கிள். படுக்கையறையில் என் துணி இருக்க வேண்டிய தட்டில் சைக்கிள். சாப்பாட்டு மேசையில் பாதி சைக்கிள், மீதியில்தான் சாப்பாடு. ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். எப்போதோ ஓடி முடித்த பழைய சைக்கிள்களின் சின்ன மாதிரிகள் அவை. முன்னால் ஆள் உயரச் சக்கரமும் பின்னால் சாப்பாட்டுத் தட்டு அளவு சக்கரமும் வைத்தது, ரொட்டிக் கடைக்காரர் கூடை கட்டியது, தபால்காரருடையது, உடை சிக்காமல் இருக்கப் பின்சக்கரத்தில் நூல்வலை போட்ட பெண்கள் சைக்கிள், மர ரிம் போட்ட பந்தய சைக்கிள். எல்லாவற்றின் பிறந்த வருஷமும் அவருக்கு அத்துப்படி. நிஜ சைக்கிளில் ஏற்றி உட்கார வைத்தால் தெருமுனை வரை போக மாட்டார், நேராகச் சாக்கடைக்குத்தான் போவார்.

தொழில் வீட்டுத் தரகு. காலி வீட்டின் நடுவில் நின்றுகொண்டு "இங்க ஒரு சோபா போடுறீங்க, காலைல வெயில் இப்படி வந்து விழும்" என்று கையை வீசினால், வந்தவர்கள் கண்ணுக்கு சோபாவும் தெரியும், வெயிலும் தெரியும். வடக்குப் பார்த்த ஜன்னலாக இருந்தாலும் தெரியும். வாய் அப்படி.

நான் பல் கட்டும் லேபில் வேலை செய்கிறேன். டாக்டர் நோயாளியின் வாயில் அளவெடுத்து அனுப்புவார், நாங்கள் பல் செய்து அனுப்புவோம். மெழுகு, பிளாஸ்டர், கம்பி, அரம், இவற்றோடுதான் என் பகல் முழுக்க. வேலைக்குப் போவது சைக்கிளில். சாணளவு இல்லை, நிஜமாகவே ஏறி மிதித்துப் போகிற சைக்கிள். அதை வாசலில் நிறுத்தக்கூடாது என்று அவர் உத்தரவு.

"கொஞ்சம் பின்னாடி தள்ளி வையேம்மா. கிளையன்ட் யாராவது பாத்தா என்ன நினைப்பாங்க?"

சைக்கிள் கண்ணாடிக்குள் நின்றால் கௌரவம், வாசலில் நின்றால் மானக்கேடு. இதைச் சொல்லிச் சிரித்த காலம் ஒன்று இருந்தது. இப்போது சிரிப்பு வருவதில்லை.

நான் இதற்குள் வந்து மாட்டிக்கொண்டது ஒரு வாய்த்துடுக்கால். ஒருநாள் புதிதாக ஒன்று வாங்கி வந்து, பெட்டியைப் பிரித்து, குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கி மேசையில் வைத்தார். டயரைத் தொடாதே, விரல் எண்ணெய் பட்டால் ரப்பர் பிசுபிசுத்துப் போகும் என்றார். நான் தொடவில்லை, பார்த்தேன். சட்டமும் பெயிண்டும் நன்றாக இருந்தன. சக்கரத்து போக்ஸ் கம்பிகள் மட்டும் கண்றாவி. துணி காயப்போடலாம், அவ்வளவு தடிமன்.

"இது சைக்கிள் சக்கரமா, ஜன்னல் கம்பியா?" என்றேன்.

அவருக்கு மூஞ்சி சுண்டிப்போனது. "கம்பெனிக்காரன் பண்ணதும்மா. இந்த சைஸ்ல இதுக்கு மேல யாராலயும் முடியாது" என்றார்.

யாராலும் முடியாது என்று யாராவது சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். லேபில் பல்லுக்குக் கிளிப் வளைக்கிற கம்பியிலேயே மெலிதானதை எடுத்தேன். மதிய இடைவேளைகளில் உட்கார்ந்து பழைய கம்பிகளை வெட்டி எறிந்துவிட்டு, நிஜச் சக்கரத்தில் இருப்பதுபோல ஒன்றின்மேல் ஒன்று குறுக்காகப் போகும்படி கோத்தேன். சக்கரத்தைச் சுற்றிவிட்டால் கம்பியே கண்ணுக்குத் தெரியாது, ஒரு மினுமினுப்பு மட்டும் தெரியும். வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தபோது அவர் என்னைத் தூக்கிச் சுற்றாத குறை. அந்தச் சந்தோஷத்தை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். எனக்கும் அது பிடித்திருந்தது. அடுத்தது செயின், அதற்கடுத்தது பிரேக் கம்பி, பிறகு மணி, பிறகு சீட்டுக்கு அடியில் இருக்கும் சுருள். அலமாரியில் இருக்கும் ஒவ்வொன்றையும் பிரித்து மேய்ந்தேன்.

அவற்றை அவர் தன் கூட்டாளிகளிடம் கொண்டுபோய்க் காட்டினார். இந்தச் சேகரிப்புப் பைத்தியம் பிடித்தவர்களுக்கு ஒரு வட்டம் இருக்கிறது. மாதம் ஒருமுறை கூடி, ஒருவர் வைத்திருப்பதைப் பார்த்து இன்னொருவர் வயிறெரிவார்கள். அங்கே பூதக்கண்ணாடி என்று ஒருவர். கழுத்தில் எப்போதும் ஒரு லென்ஸ் தொங்கும், மனிதர் முகத்தைக்கூட அதன் வழியாகத்தான் பார்ப்பார். அவரே என் சக்கரத்தைப் பார்த்துவிட்டு "யாரு கை இது?" என்று கேட்டாராம். அன்றிலிருந்து என் கணவருக்கு அங்கே மாஸ்டர் என்று பெயர்.

நான் அதை முதலில் கவனிக்கவில்லை. மாஸ்டர் என்றால் பெரிய சேகரிப்பாளர் என்று ஏதோ மரியாதைக்குச் சொல்கிறார்கள் என நினைத்துக்கொண்டேன். ஒருமுறை கூட்டம் எங்கள் வீட்டில் நடந்தது. டீ கொண்டுபோனேன். பூதக்கண்ணாடி கேட்டுக்கொண்டிருந்தார்: "மாஸ்டர், இவ்ளோ மெல்லிசுக் கம்பியை எப்படிக் கோக்கறீங்க? கண்ணு போயிடாது?"

என் கணவர் கண்ணைக் கசக்கிக்கொண்டார். "போகத்தான் செய்யுது. சில நாள் கண்ணீரா ஊத்தும். ஆனா கை நடுங்கினா அவ்ளோதான், மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா..."

புளுகைக் கம்பி கட்டுற கதை என்று சொல்வார்களே, அதை என் வீட்டு ஹாலில், நான் கட்டிய கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்தே சொன்னார். கொஞ்சமாவது தடுமாறுவார் என்று பார்த்தேன். தடுமாறவில்லை. "டீ எடுத்துக்கோங்க, சிஸ்டர் போடுற டீ நல்லா இருக்கும்" என்று பூதக்கண்ணாடி மற்றவர்களிடம் சொன்னார். என் கணவர் மாஸ்டர், நான் சிஸ்டர். நல்ல பொருத்தம்.

அவர்கள் போனதும் கேட்டேன். கத்தினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"நமக்குள்ள என்னம்மா நீ, நான்?" என்றார். "நீ வேற, நான் வேறயா?"

"வேறதான். கண்ணீர் ஊத்தினது என் கண்ணு."

"பாகம் பிரிக்கற மாதிரி பேசாத. வாங்கினது யாரு, நான்தானே? என்கிட்ட சைக்கிள் இல்லைன்னா நீ எதுல கம்பி கட்டியிருப்ப?"

அங்கே என் நாத்தனாரும் இருந்தாள். அவருடைய தங்கை. பக்கத்துத் தெருவில் வீடு, எங்கள் வீட்டில் வாசம். அண்ணன் தும்மினால் இவளுக்கு ஜலதோஷம் பிடிக்கும். "அண்ணி, அண்ணனுக்குப் பேரு வந்தா உங்களுக்கும்தானே பெருமை? வீட்டுக்காரரை நாலு பேர் மாஸ்டர்ங்கறாங்க, அதைக் கேட்டு வயிறெரியறது நீங்க ஒருத்தர்தான்" என்றாள். என் கோபத்துக்கு இவள் எப்போதும் இப்படி எண்ணெய் ஊற்றிக்கொண்டிருப்பாள்.

அதன்பிறகு நான் எதையும் தொடவில்லை. கம்பெனிக்காரன் செய்த தடிக் கம்பியோடு புது சைக்கிள்கள் வந்து மேசையில் நின்றன. சாப்பிடும்போது அவர் அவற்றைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். நான் சாப்பாட்டைப் பார்ப்பேன். வீட்டில் பேச்சு உப்பு, தண்ணீர், கரண்ட் பில் என்ற அளவில் நின்றுபோனது.

அப்போதுதான் மியூசியத்திலிருந்து அழைப்பு வந்தது. அங்கே நிஜமான பழைய சைக்கிள்கள் இருக்கின்றன, ஆனால் துருப்பிடித்து, தொட்டால் உதிரும் நிலையில். பள்ளிக்கூடங்களுக்கு எடுத்துப்போய்க் காட்ட முடியாது. அதனால் எட்டில் ஒரு பங்கு அளவில் மாதிரிகள் வேண்டும், பிள்ளைகள் முன்னால் பாகம் பாகமாகக் கழற்றிக் காட்டி மறுபடி பூட்ட முடிகிற மாதிரி. வட்டத்தில் விசாரித்திருக்கிறார்கள். வட்டம் மாஸ்டரைக் கைகாட்டியிருக்கிறது. மாஸ்டர் யோசிக்காமல் தலையாட்டிவிட்டார். வருகிற கண்காட்சியில் ஒன்றைச் செய்து வைக்கிறேன், வந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து எனக்கு டீ போட்டுக் கொடுத்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவருக்கு டீத்தூள் டப்பா இருக்கும் இடம் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"உன்னால மட்டும்தான் முடியும்மா" என்றார்.

"அப்போ அவங்ககிட்ட அதைச் சொல்லுங்க."

"எதை?"

"இப்ப என்கிட்ட சொன்னீங்களே, அதை. செய்யறது நான்னு. எல்லார் முன்னாடியும், உங்க வாயால."

அவர் விழித்தார். நாத்தனார் பிஸ்கட்டை டீயில் முக்கியபடியே நிறுத்திவிட்டாள், அது ஊறி உள்ளே விழுந்தது.

எனக்கு வேண்டியது அவ்வளவுதான். மியூசியத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி, அதன் கீழே ஒரு சின்னச் சீட்டு, அதில் செய்தவர் என்று என் பெயர். இத்தனை வருஷமாக நான் செய்த பற்கள் யார் யார் வாயிலோ சிரிக்கின்றன, ஒன்றிலும் என் பெயர் இல்லை, இருக்கவும் முடியாது. இதில் இருக்க முடியும். இதைக்கூட இன்னொருவர் எடுத்துக்கொண்டால் நான் எதற்கு இந்தக் கையை வைத்துக்கொண்டிருக்கிறேன்?

"சொல்றேன்" என்றார். "சத்தியமா சொல்றேன்மா. கண்காட்சியிலயே சொல்லிடறேன்."

"உங்க தங்கச்சி சாட்சி" என்றேன்.

அந்த சைக்கிளை நான் ஒன்றுமில்லாததிலிருந்து செய்தேன். கடையில் வாங்கிய பாகம் ஒன்றுகூடக் கிடையாது. பித்தளைக் குழாயில் சட்டம், லேபில் உருக்கி வார்த்த இணைப்புகள், தோலைச் சீவிச் சீவிக் காகிதம்போல் ஆக்கி மூடிய சீட்டு. எல்லாம் கழலும். ஹேண்டில்பார், சக்கரம், மட்கார்டு, கேரியர், மணியின் மூடிகூடத் திருகினால் வந்துவிடும். இருப்பதிலேயே கஷ்டம் கொடுத்தது இடதுபக்கப் பெடல்.

சைக்கிள் மிதிக்கிறவர்களுக்கு, அதைவிடப் பழுது பார்க்கிறவர்களுக்கு, இது தெரிந்திருக்கும். வலது பெடல் எல்லாத் திருகாணியையும்போலத்தான். இடது பெடலுக்கு மட்டும் திருகுச் சுற்று, அதாவது மரை, எதிர்ப்பக்கமாக வெட்டியிருப்பார்கள். மிதிக்க மிதிக்க அது தானாகக் கழன்றுவிடாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. அதனால் இடது பெடலைக் கழற்ற வேண்டுமென்றால் மற்றதையெல்லாம் இறுக்குகிற பக்கம் திருப்ப வேண்டும். வழக்கம்போலத் திருப்பினால் இறுகும், இன்னும் திருப்பினால் இன்னும் இறுகும். சாணளவு சைக்கிளில் இதையெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஒரு நாள் நினைத்தேன். நான் பார்ப்பேனே. அவ்வளவு சின்ன எதிர் மரை வெட்டக் கருவிக்கு எங்கே போவது? கைக்கடிகாரத்துக்குள்ளே எதிர் மரைத் திருகாணி ஒன்றிரண்டு உண்டு என்று கேள்விப்பட்டு, கடிகாரம் ரிப்பேர் செய்கிறவரிடம் போய் நின்றேன். அவரிடம் அதற்கான வெட்டுத் தகடு இருந்தது. "பல்லு கட்டறவங்களுக்கு இது எதுக்கு?" என்று கேட்டபடியே இரவல் கொடுத்தார்.

பெடல் பூட்டியதும் முதலில் அவரிடம்தான் காட்டினேன். மறுபடி சொல்கிறேன், அவரிடம்தான் முதலில் காட்டினேன். "இங்க பாருங்க, இந்தப் பக்கம் மட்டும் மரை உல்ட்டா. இப்படித் திருப்பினாதான் கழலும். ஞாபகம் வெச்சுக்கோங்க" என்றேன். போனில் யாரிடமோ மூன்றாவது மாடியின் காற்றோட்டத்தைப் புகழ்ந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையாட்டினார். போனை மூடிவிட்டு "சூப்பர்மா" என்றார். எது சூப்பர் என்று நான் கேட்கவில்லை.

கண்காட்சி ஒரு மரச்சாமான் கடையின் மாடியில். நீள மேசைகள், வெள்ளைத் துணி, ஒவ்வொருவருக்கும் ஆறடி இடம். நான் லேபிலிருந்து நேராகப் போனபோது எங்கள் மேசை தயாராக இருந்தது. நடுவில், கருநீலத் துணி விரித்த ஒரு சின்ன மேடையில் என் சைக்கிள். மேலேயிருந்து விளக்கு விழுந்து ரிம் பளபளத்தது. பிறகு அதன் முன்னால் வைத்திருந்த அட்டையைப் பார்த்தேன். அழகான எழுத்தில், "ஆக்கம்: மாஸ்டர்."

"இது என்ன?"

"மெதுவாப் பேசும்மா" என்றார், உதடு அசையாமல். "அட்டை முன்னாடியே அடிச்சு வந்துடுச்சு. நான் பேசும்போது சொல்றேன். சர்ப்ரைஸா இருக்கட்டும்."

"எனக்கா, அவங்களுக்கா?"

அதற்குள் பூதக்கண்ணாடி வந்துவிட்டார். குனிந்து லென்ஸை வைத்து முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை அங்குலம் அங்குலமாகப் போனார். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. "மாஸ்டர், போங்க மாஸ்டர்! உங்களோட இனிமே நாங்க போட்டி போட்டு என்ன பிரயோஜனம்?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். என் கணவர் அடக்கமாகச் சிரித்தார். அந்த அடக்கத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நாத்தனார் பக்கத்தில் நின்று, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "எங்கண்ணன், எங்கண்ணன்" என்று ஒத்து ஊதிக்கொண்டிருந்தாள்.

மாதிரி கேட்டிருந்த மியூசியத்திலிருந்து ஒரு மேடம் வந்தார். குட்டை முடி, தட்டைச் செருப்பு, வீண் பேச்சு இல்லாதவர். சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "இதைச் செஞ்சது யாரு?"

இதைவிட நேராக ஒரு கேள்வி இருக்க முடியாது. தட்டில் வைத்து நீட்டிய மாதிரி. கூட்டமும் கூடியிருந்தது. நான் என் கணவரைப் பார்த்தேன். அவரும் ஒரு நொடி என்னைப் பார்த்தார். சொல்லப் போகிறார் என்றே நினைத்தேன். கையைக்கூடத் துடைத்துக்கொண்டேன்.

"இது வந்து, பல வருஷ உழைப்புங்க மேடம்" என்று ஆரம்பித்தார். பித்தளைக் குழாய், தோல், வார்ப்பு என்று நான் சொல்லிக் காதில் விழுந்ததையெல்லாம் எடுத்துவிட்டார். காலி வீட்டில் சோபா போடுகிற அதே கை வீச்சு. முடிக்கிற இடத்தில் என் பக்கம் திரும்பினார். "இவங்க என் மிஸஸ். இவங்க சப்போர்ட் இல்லைன்னா எதுவும் நடந்திருக்காது. டீ, பிஸ்கட் ஏற்பாடெல்லாம்கூட இவங்கதான்."

எல்லாரும் கை தட்டினார்கள். டீக்கும் பிஸ்கட்டுக்கும்.

எனக்குக் கோபம்கூட வரவில்லை, அதுதான் ஆச்சரியம். இந்த ஆள் சொல்லவே போவதில்லை. இன்றைக்கு மட்டுமில்லை, என்றைக்குமே. சொல்ல வேண்டும் என்ற நினைப்பே அவருக்கு இருந்ததில்லை. நான் தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டேன்.

"கழட்டிப் பூட்ட வருமா?" என்றார் மேடம். "எங்களுக்கு முக்கியம் அதுதான்."

"எல்லாமே கழலும் மேடம்! பாருங்க!" என்று சைக்கிளை மேடையிலிருந்து எடுத்தார். மணி மூடியைத் திருகினார், வந்தது. கூட்டம் "ஆ" என்றது. சீட்டை எடுத்தார். வலது பெடலை இரண்டு விரலால் பிடித்துத் திருகினார். வழுக்கிக்கொண்டு வந்தது, அதை உள்ளங்கையில் வைத்து எல்லாருக்கும் காட்டினார். பூதக்கண்ணாடி கை தட்டினார். பிறகு சைக்கிளைத் திருப்பி இடது பெடலைப் பிடித்தார்.

அதே பக்கம்தான் திருப்பினார். வரவில்லை.

கொஞ்சம் சிரித்தார். "புதுசு இல்லையா, டைட்டா இருக்கு" என்றார். இன்னும் அழுத்தித் திருப்பினார். பிறகு என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியும் அந்தப் பார்வை. வீட்டில் எந்த டப்பா மூடி திறக்காவிட்டாலும் அந்தப் பார்வைதான் சமையலறைப் பக்கம் வரும். எதிர்ப்பக்கம் திருப்புங்க என்று ரெண்டே வார்த்தை, நான் சொல்லியிருந்தால் போதும். அந்தப் பெடலைத் தாங்குகிற பித்தளைக் கை தீக்குச்சியைவிட மெல்லியது, அதை நான் அரம் போட்டுத் தேய்த்தே எத்தனையோ மதியங்களைத் தின்றிருக்கிறேன். அது எவ்வளவு தாங்கும் என்று எனக்குத் தெரியும். நான் பிஸ்கட்டைக் கடித்தேன்.

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு திருகு திருகினார். பெடலைத் தாங்கிய பித்தளைக் கை முறிந்தது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. பெடலும் முறிந்த துண்டும் அவர் விரலிலேயே நின்றன.

எனக்கு வலித்தது. இதை மறைக்க மாட்டேன். என் கண்ணெதிரில் முறிந்தது என் வேலை. இருந்தாலும் வாயைத் திறக்கவில்லை.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. மேடம் புருவத்தைச் சுருக்கி, "மரை சரியில்லையோ? பிள்ளைங்க கையில கொடுக்கற பொருள் இப்படி இருந்தா..." என்று இழுத்தார்.

அவ்வளவுதான். என் கணவரின் வாய் வேலை செய்ய ஆரம்பித்தது.

"மேடம், இது... இந்தப் பெடல் நான் பண்ணதில்லை. இவ பண்ணது." விரல் நேராக என்னைக் காட்டியது. "மரை எல்லாம் இவதான் வெட்டினா. நான் அப்பவே சொன்னேன், சரியா வெட்டுன்னு. கேக்கல."

எனக்குப் பழகின பேச்சு இது. பல் பொருந்தினால் டாக்டர் கைராசி, பொருந்தாவிட்டால் லேப்காரங்க தப்பு. இத்தனை வருஷம் காத்திருந்த வார்த்தை, எல்லார் முன்னாலும், அவர் வாயாலேயே வந்தேவிட்டது. இவ பண்ணது.

"பெடல் மட்டுமா?" என்று கேட்டார் பூதக்கண்ணாடி. லென்ஸைக் கண்ணிலிருந்து எடுத்துவிட்டு, அன்றுதான் அவர் வெறும் கண்ணால் மாஸ்டரைப் பார்த்தார்.

என் கணவர் ஏதாவது பூசி மெழுகுவதற்குள் நாத்தனார் முன்னால் பாய்ந்துவிட்டாள். அண்ணனை நாலு பேர் குறுகுறுவென்று பார்ப்பதை அவளால் தாங்க முடியவில்லை.

"எங்கண்ணனை எதுக்குங்க எல்லாரும் முறைக்கறீங்க? அவர் மேல ஒரு தப்பும் இல்லை! அவர் இதுல ஒரு திருகாணியைக்கூடத் தொட்டதில்லை! முழுக்க முழுக்க அண்ணிதான். கம்பி, செயின், சீட்டு எல்லாம் இவங்கதான். வீட்டு அலமாரில இருக்கறதும் இவங்க பண்ணதுதான். உடைஞ்சா இவங்களைக் கேளுங்க, எங்கண்ணனைக் கேக்காதீங்க!"

"ஏய், சும்மா இரு" என்றார் என் கணவர்.

"நீ சும்மா இருண்ணா. நீ பாவம், எல்லாத்தையும் நீயே தலைல போட்டுக்குவ." அவள் என் பக்கம் திரும்பி, "சொல்லுங்க அண்ணி, நீங்கதானே பண்ணீங்க? ஒத்துக்கோங்க!" என்று அதட்டினாள்.

"ஆமா, நான்தான் பண்ணேன்" என்றேன்.

யாரோ பின்வரிசையில் கொல்லென்று சிரித்தார்கள். நாத்தனாருக்குத் தான் என்ன செய்தோம் என்று அப்போதும் புரியவில்லை. நான் பையிலிருந்து சின்னக் குறடை எடுத்து, என் கணவர் விரலிலிருந்து அந்தத் துண்டை வாங்கினேன். முறிந்த பித்தளைக் கையைக் குறடால் பிடித்துக்கொண்டு, பெடலை எதிர்ப்பக்கம் திருப்பினேன். முதலில் முரண்டு பிடித்தது, அவ்வளவு இறுக்கி வைத்திருந்தார். பிறகு நழுவிக்கொண்டு வந்தது. மரை ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. மேடத்தின் உள்ளங்கையில் வைத்தேன்.

மேடம் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எதிர் மரை" என்றார். "இந்த அளவுல போய் எதிர் மரை வெட்டியிருக்கீங்களா?"

"நிஜ சைக்கிள்ல அப்படித்தானே இருக்கு."

பூதக்கண்ணாடி லென்ஸை நீட்டினார், மேடத்துக்கு இல்லை, எனக்கு. எனக்கு அது தேவைப்படவில்லை, இருந்தாலும் வாங்கிக்கொண்டேன். மேடம் எங்கள் மேசையில் கையூன்றி, "மியூசியத்துல இன்னும் பல சைக்கிள் இருக்கு. நீங்க வந்து அளவெடுக்க முடியுமா? உங்களோடதான் பேசறேன்" என்றார். முடியும் என்றேன். செய்தவர் சீட்டு வைப்பீர்களா என்று கேட்டேன். வைக்காமல் எப்படி என்றார்.

மேடம் அடுத்த மேசைக்குப் போனார், கூட்டமும் மெல்லக் கலைந்தது. மாஸ்டர் என்று யாரும் கூப்பிடவில்லை. நான் கழற்றிய பாகங்களை ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். என் கணவர் பக்கத்தில் வந்து நின்றார். கழுத்து வரை சிவந்திருந்தது.

"உனக்குத் தெரியும்" என்றார், பல் இடுக்கில். "எந்தப் பக்கம் திருப்பணும்னு உனக்குத் தெரியும். பாத்துக்கிட்டே நின்ன. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்களும்தான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றேன்.